மென்பொருள் நிறுவும் சாளரமும் அதில் காட்டவேண்டிய நுட்ப விவரங்களும்

கணிப்பொறி ஒன்றை வாங்கி மேசைமீது வைத்த அளவில் அதன் பயன் தொடங்கிவிடுவதில்லை. கடிதம் எழுதுவதற்கும், கணக்கிடுவதற்கும், படம் வரைவதற்கும், நிலப்படம் பார்ப்பதற்கும் தனித்தனி மென்பொருள்கள் வேண்டும். அவற்றைக் கணிப்பொறியினுள் உரிய இடங்களில் அமைத்து இயங்கும் நிலைக்குக் கொண்டுவருதலே 'நிறுவுதல்' எனப்படும். முன்னாளில் இவ்வேலை, கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து நடத்தப்பெற்றது. இன்று சாளரத்தில் காணும் படத்தைத் தெரிந்தெடுத்து 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்தினாலே போதும். எஞ்சியவை தாமாகவே நடைபெறுகின்றன.

இவ்வெளிமையால் விளைந்த நன்மை பெரிது. எனினும், பொத்தானுக்குப் பின்னால் நடப்பது யாது என்பதைச் சாளரம் எவ்வளவு காட்டவேண்டும், எவ்வளவு மறைக்கலாம் என்பது எளிதில் தீர்க்கக்கூடிய வினா அன்று. மிகுதியாக மறைத்தால், பயன்படுத்துவோர் தம்மை அறியாமலே தீங்கான செயலுக்கு இசைவு தந்துவிடுவர். மிகுதியாகக் காட்டினால், ஒன்றையும் படியாமல் இசைவு தருவர். பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தைப் பேணும் ஆசிரியர்க்கும், தொலைவிலுள்ள அலுவலகங்களில் கருவிகளைக் காத்துவரும் களப்பணியாளர்க்கும் இது நாள்தோறும் எதிர்ப்படும் செய்தியாகும்.

பொதியும் களஞ்சியமும்

லினக்ஸ் வகை இயங்குதளங்களில் மென்பொருள்கள் 'பேக்கேஜ்' என்று வழங்கும் பொதிகளாகக் கட்டப்பெற்றிருக்கும். ஒவ்வொரு பொதியிலும் மென்பொருளின் கோப்புகளோடு, அதன் பெயர், பதிப்பு எண், அளவு, அது இயங்குவதற்கு வேண்டிய பிற பொதிகளின் பெயர்கள் முதலியவற்றைக் கூறும் குறிப்பும் அடங்கியிருக்கும். பொதிகள் யாவும் இணையத்திலுள்ள களஞ்சியங்களில் சேமித்து வைக்கப்பெற்றுள்ளன.

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் இயங்குதளம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2023-இல் வெளிவந்த அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் அத்தொகை ஏறத்தாழ 70,000 ஆயிற்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கு அளிக்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ டெபியனிலிருந்து கிளைத்தது. ஆகவே, டெபியனின் முறையை அறிந்துகொண்டால் நாட்டின் பல பகுதிகளில் வழங்கும் கணிப்பொறிகளின் முறையையும் அறிந்துகொண்டதாகும்.

ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்திருப்பதும், அது மூன்றாவதொன்றைச் சார்ந்திருப்பதும் இயல்பு. இச்சங்கிலியை ஆராய்ந்து வேண்டிய பொதிகளையெல்லாம் தானே திரட்டும் வேலையை 'ஆப்ட்' என்னும் நிரல் செய்கிறது. 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1-ஆம் பதிப்பில் இஃது இடம்பெற்றது. கட்டளை வரியில் இயங்கும் ஆப்டுக்கு மேலே சாளரமாக அமைந்தது 'சினாப்டிக்' என்னும் கருவி. பின்னர் 2009-இல் உபுண்டு மென்பொருள் மையமும், 2013-இல் 'க்னோம் சாஃப்ட்வேர்' என்பதும் கடையில் பொருள் அடுக்கியதுபோன்ற தோற்றத்துடன் வந்தன. சினாப்டிக் பொதிகளைப் பொதிகளாகவே காட்டுவது. பின்வந்த கருவிகள் பொதிகளை மறைத்துப் 'பயன்பாடு'களை மட்டும் காட்டுபவை. இவ்விரு போக்குகளுக்கும் இடையேதான் இக்கட்டுரையில் ஆராயப்படும் வினா அமைந்துள்ளது.

விவரம் மறைந்ததால் விளைந்தது

2021 நவம்பரில் உலகெங்கும் பேசப்பெற்ற நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். கணிப்பொறித் துறையில் பெயர்பெற்ற காணொளிப் படைப்பாளர் ஒருவர், உபுண்டுவிலிருந்து கிளைத்த 'பாப் ஓஎஸ்' என்னும் இயங்குதளத்தில் விளையாட்டு மென்பொருளொன்றை நிறுவ முற்பட்டார். சாளரக் கருவி அதனை நிறுவ மறுத்துப் பிழை அறிவிப்பு ஒன்றைக் காட்டியது. அவ்வறிவிப்பிலிருந்து காரணத்தையோ மாற்று வழியையோ அவரால் அறிந்துகொள்ள இயலவில்லை. எனவே அவர் சாளரத்தை விட்டுக் கட்டளை வரிக்குச் சென்றார்.

அப்போது களஞ்சியத்திலிருந்த பொதிகளுக்கிடையே பொருத்தமின்மை ஒன்று ஏற்பட்டிருந்தது. அதன் விளைவாக, விளையாட்டை நிறுவவேண்டுமாயின் திரைத்தளத்துக்குரிய பொதிகளையே நீக்கவேண்டும் என்று ஆப்ட் கணித்தது. அதனை எச்சரிக்கையாகவும் அறிவித்து, 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்னும் பொருளுடைய முழுத்தொடரைத் தட்டச்சுச் செய்யுமாறு கேட்டது. நீண்ட பட்டியல்களுக்கிடையே அவ்வெச்சரிக்கை கலந்து கிடந்தது. அவர் அத்தொடரைத் தட்டச்சுச் செய்தார், திரைத்தளம் நீங்கியது.

இதில் கருதத்தக்கவை இரண்டு. சாளரக் கருவி நிறுவ மறுத்தது சரியான செயலே. ஆனால் மறுத்ததன் காரணத்தை விளங்கக் கூறாமையால், பயன்படுத்தியவர் அதனினும் ஆபத்தான வழிக்குச் செல்ல நேர்ந்தது. கட்டளை வரியோ எல்லா விவரங்களையும் கூறியது. ஆனால் முதன்மையானதையும் அல்லாததையும் ஒரே நிரையில் கூறியமையால், முதன்மையானது கண்ணில் படவில்லை. குறைவாகக் கூறுதலும் வகைப்படுத்தாமல் கூறுதலும் ஒரே விளைவைத் தந்தன. இந்நிகழ்ச்சிக்குப்பின் 2021-ஆம் ஆண்டிலேயே ஆப்டின் போக்கு மாற்றப்பெற்றது. இன்றியமையாத பொதிகளை நீக்கநேரும் செயலை, அதற்கெனத் தனி விருப்பத்தேர்வு கொடுத்தாலன்றி, அது நடத்துவதில்லை.

காட்டவேண்டிய விவரங்கள்

நிறுவுதற்கு இசைவு கேட்கும் முன்னர்ச் சாளரம் காட்டவேண்டிய விவரங்களைப் பின்வருமாறு வகுத்துக் கூறலாம்.

1. செயல்களின் தொகுப்பு. எத்தனை பொதிகள் புதியனவாக வரும், எத்தனை மேம்படும், எத்தனை நீங்கும் என்பதே முதலிற் காட்டத்தக்கது. இவற்றுள்ளும் நீங்குவனவற்றின் பட்டியல் எப்போதும் மேலே, மறைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். ஏனெனில், புதிதாக வந்த பொதியைப் பின்னர் எளிதில் நீக்கிவிடலாம். நீங்கியதை மீண்டும் கொண்டுவர இணையமும் காலமும் வேண்டும். சில வேளைகளில், மீண்டும் கொண்டுவருவதற்கு வேண்டிய கருவியே நீங்கிப்போயிருக்கும். சினாப்டிக் கருவி இத்தொகுப்பை வகைவாரியாகக் காட்டி, அதன்பின்னரே இசைவு கேட்கிறது.

ஒரு பொதியைக் கேட்டால் பல பொதிகள் வருவதன் காரணத்தையும் அறிதல் நன்று. 'சார்பு' என்பது இல்லாமல் இயங்காதது. 'பரிந்துரை' என்பது இருந்தால் முழுப்பயன் தருவது. 'கருத்துரை' என்பது விரும்பினால் சேர்த்துக்கொள்ளத்தக்கது. வழக்கமான அமைப்பில் முதலிரண்டும் தாமாகவே நிறுவப்படும், மூன்றாவது நிறுவப்படுவதில்லை. வட்டில் இடம் குறைவாயுள்ள பழைய கணிப்பொறிகளில், பரிந்துரைகளை விலக்கி நிறுவுவதால் கணிசமான இடம் மிஞ்சும்.

2. பதிப்பு எண். '2:7.4.1-3' என்று ஒரு பொதியின் எண் காணப்படுவதாகக் கொள்ளலாம். இதில் முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள 2, எண்ணிடும் முறை மாறியபோது வரிசை பிறழாமல் இருப்பதற்காக இட்ட காலக்குறி. நடுவிலுள்ள 7.4.1, மென்பொருளை ஆக்கியோர் இட்ட எண். சிறுகோட்டுக்குப் பின்னுள்ள 3, பொதி கட்டியோர் செய்த திருத்தத்தின் எண்.

இவ்வமைப்பை அறியாமையால் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. மென்பொருளின் ஆக்கியோர் 7.6-ஆம் பதிப்பை வெளியிட்டிருக்க, பள்ளிக் கணிப்பொறியில் 7.4 இருப்பதைக் கண்டு, அது பாதுகாப்பற்றது என்று முடிவு செய்வோர் உளர். டெபியனின் நிலையான பதிப்புகளில், பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய பதிப்பிலேயே புகுத்தப்பெறுவது வழக்கம். அப்போது நடுவெண் மாறாது, கடைசி எண் மட்டுமே மாறும். ஆகவே, சாளரம் நடுவெண்ணை மட்டும் காட்டிக் கடைசி எண்ணை மறைத்தால், திருத்தம் வந்துவிட்டதா என்று அறிய வழியில்லாமற் போகும். எண்ணை முழுமையாகக் காட்டுவதோடு, இன்ன மாற்றம் செய்யப்பெற்றது என்னும் மாற்றக் குறிப்பையும் காட்டுவதே முறையாகும்.

3. அளவுகள். அளவு இரண்டு வகைப்படும்: இணையத்திலிருந்து இறக்கப்படும் அளவு ஒன்று, நிறுவியபின் வட்டில் பிடிக்கும் இடம் மற்றொன்று. பொதிகள் சுருக்கிக் கட்டப்பெற்றவை ஆதலால், பின்னது பொதுவாக முன்னதைவிடப் பெரிது. கைப்பேசி இணைப்பின் மூலம் இணையம் பெறும் களப்பணியாளர்க்கு முதல் அளவு முக்கியம். சிறிய வட்டுடைய கணிப்பொறிக்கு இரண்டாவது முக்கியம். ஒரே அளவை மட்டும் காட்டி, அஃது எந்த அளவு என்று கூறாத சாளரம் இருவர்க்கும் பயன்படாது.

எடுத்துக்காட்டாக, ஒரு கூடத்தில் 20 கணிப்பொறிகள் இருக்க, ஒவ்வொன்றுக்கும் 400 மெகாபைட் இறக்கவேண்டியிருப்பின், மொத்தம் 8,000 மெகாபைட் ஆகும். இதனை முன்னரே அறிந்த ஆசிரியர், ஒரு கணிப்பொறியில் பொதிகளைச் சேமித்துவைத்து ஏனையவற்றுக்கு உள்வலை வழியே வழங்கும் முறையை மேற்கொண்டால், இணையத்தின் வழி வருவது 400 மெகாபைட்டே ஆகும். அளவு காட்டப்படாவிடில் இத்தகைய திட்டம் வகுக்க இயலாது.

4. மூலமும் கையொப்பமும். பொதி எக்களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பதைச் சாளரம் கூறவேண்டும். ஒரே பெயரில் இயங்குதளத்தாரின் பொதியும் வெளியார் பொதியும் இருத்தல் கூடும். டெபியன் முறையில், களஞ்சியத்தின் தலைப்பட்டியல் எண்முறைக் கையொப்பம் இடப்பெற்றது. அப்பட்டியலில் பொதி அட்டவணைகளின் சரிபார்ப்பு எண்களும், அவ்வட்டவணைகளில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணும் அடங்கியுள்ளன. பொதியில் ஓர் எழுத்து மாறினும் சரிபார்ப்பு எண் மாறிவிடும். கருவி அப்பொதியை ஏற்காது. 2007-இல் வெளிவந்த டெபியன் 4.0-ஆம் பதிப்பு முதல் இச்சோதனை வழக்கமாக நடைபெற்று வருகிறது.

இக்கையொப்பம் மெய்ப்பிப்பது எதனை என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். பொதி, வெளியிட்டோரிடமிருந்து மாற்றமின்றி வந்தது என்பதையே அது மெய்ப்பிக்கும். பொதி தீங்கற்றது என்பதையன்று. எனவே, 'சரிபார்க்கப்பட்டது' என்னும் பச்சைக்குறியைமட்டும் இடுவதைவிட, 'இன்னாரால் கையொப்பமிடப்பெற்றது' என்று காட்டுதலே சிறந்தது. வெளியாரை நம்புவதா என்னும் முடிவு அப்போது பயன்படுத்துவோரிடம் இருக்கும்.

5. உரிமமும் அனுமதியும். டெபியன் தன் பொதிகளை உரிமத்தின் தன்மைக்கேற்பத் தனித்தனிப் பிரிவுகளாக வைத்துள்ளது. மாணவர்க்குப் படியெடுத்து வழங்கலாமா என்று அறியவிரும்பும் ஆசிரியர்க்கு இவ்விவரம் இன்றியமையாதது. தனிக்கூட்டில் இயங்கும் 'ஃபிளாட்பேக்' வகை மென்பொருள்களாயின், அவை எக்கோப்புகளைப் படிக்கும், இணையத்தை அணுகுமா, ஒளிப்படக் கருவியைப் பயன்படுத்துமா என்பவற்றையும் காட்டவேண்டும். 2021-இல் வெளிவந்த க்னோம் 41-ஆம் பதிப்பில், அளவு, பாதுகாப்பு, உரிமம் முதலியவற்றைச் சிறு கட்டங்களாகக் காட்டி, கட்டத்தை அழுத்தினால் விரிவு தோன்றும்படி அமைத்தனர்.

எல்லாவற்றையும் காட்டுதல் பயன்தருமா?

மேற்கூறியவற்றைக் கண்டு, எல்லா விவரங்களையும் எப்போதும் காட்டிவிட்டால் குறை தீரும் என்று எண்ணுதல் கூடாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வரலாறு இதற்குச் சான்று. 2015-இல் வந்த 6.0-ஆம் பதிப்புக்கு முன்னர், ஒரு செயலியை நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகள் யாவும் ஒரே பட்டியலாகக் காட்டப்பட்டன. முழுவதையும் ஏற்கலாம், அல்லது செயலியையே கைவிடலாம். இடைப்பட்ட வழி இல்லை. முடிவெடுக்க உதவாத பட்டியலைப் படிப்பதில் பயன் இல்லை. 6.0-ஆம் பதிப்பிலிருந்து, முக்கியமான அனுமதிகள், அவை தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றன. ஒன்றை மறுத்து மற்றொன்றை ஏற்கவும் முடிகிறது.

இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனில், விவரத்தின் பயன் அதன் மிகுதியில் இல்லை. அது வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், செயலுக்கு வழிகாட்டும் வகையில் அமைவதில்தான் இருக்கிறது என்பதாம். ஆகவே விவரங்களை மூன்று படிகளாக அமைத்தல் தக்கது. முதற்படியில், மென்பொருள் யாது, யாரால் வெளியிடப்பெற்றது, எவ்வளவு இறக்கவேண்டும் என்பவை எப்போதும் தெரியும். இரண்டாம் படியில், பொதிகளின் பட்டியல், முழுப் பதிப்பு எண், மாற்றக் குறிப்பு முதலியவை 'விவரங்கள்' என்னும் பொத்தானை அழுத்த விரியும். மூன்றாம் படியில், கருவியின் மூலச் செய்திகள் வரிக்கு வரி கிடைக்கும். நீக்கம், கையொப்பமின்மை, வட்டில் இடமின்மை ஆகியவைமட்டும் எப்படியில் இருந்தாலும் முதற்படிக்கு உயர்ந்து முன்னிற்க வேண்டும்.

தடை நேரும்போது

விவரத்தின் அருமை தடை நேரும்போதுதான் நன்கு விளங்கும். முன்னேற்றப் பட்டை பாதியில் நின்று நெடுநேரம் அசையாதிருப்பது பலரும் கண்ட காட்சியே. இதற்குக் காரணம் பல சமயங்களில் பழுது அன்று. மறைந்திருக்கும் ஒரு கேள்வியே. சில எழுத்துருப் பொதிகள் உரிமத்துக்கு இசைவு கேட்கும். வேறு சில பொதிகள் மேம்படும்போது, பணியாளர் முன்னர்த் திருத்தியமைத்த அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று கேட்கும். அக்கேள்வி மூடிய 'விவரங்கள்' பகுதிக்குள் தோன்றினால், வெளியே பட்டை அசையாமல் நிற்கும். பொறுமையிழந்தவர் மின்சாரத்தை நிறுத்துவர். நிறுவுதல் அரைகுறையாக முடியும். பதில் வேண்டிய நிலை ஏற்பட்டவுடன் விவரப் பகுதி தானாகவே விரியுமாறு அமைப்பது நற்கருவியின் இலக்கணம்.

மற்றொரு பொதுவான தடை, 'பூட்டைப் பெற இயலவில்லை' என்னும் செய்தி. ஒரே நேரத்தில் இரு நிரல்கள் பொதிப் பதிவேட்டை மாற்றாதிருத்தற்பொருட்டு ஒரு பூட்டு வைக்கப்பெற்றுள்ளது. கணிப்பொறியை இயக்கிய சிறிது நேரத்தில், தானியங்கி மேம்பாடு பின்னணியில் நடைபெற்றுக்கொண்டிருந்தால் இச்செய்தி தோன்றும். சற்றுப் பொறுத்திருத்தலே இதற்குப் பரிகாரம். 'நிறுவுதல் தோல்வியுற்றது' என்றுமட்டும் கூறும் சாளரம், பொறுத்திருக்கவேண்டியவரைப் பழுதுபார்க்கத் தூண்டிவிடுகிறது. பூட்டுக் கோப்பை வலிந்து அழித்துப் பதிவேட்டையே கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிழைச் செய்தியின் மொழியும் கருதத்தக்கது. விளக்கம் தமிழில் இருத்தல் நன்று. அதே வேளையில் கருவி கொடுத்த மூலச் செய்தியும் எழுத்துப் பிறழாமல் கிடைக்கவேண்டும். தொலைவிலிருந்து உதவும் வல்லுநர்க்கு அனுப்பவும், அதே பிழையைப் பிறர் எவ்வாறு தீர்த்தனர் என்று தேடவும் மூலச்செய்தியே பயன்படும். அதனைப் படியெடுத்து ஒட்டுதற்கு வாய்ப்பளியாமல், படமாகமட்டும் காட்டுதல் பெருங்குறை.

பதிவேடு

நடந்து முடிந்ததைப் பின்னர் அறியும் வசதியும் விவரத்தின் ஒரு பகுதியே. ஆப்ட் தன் செயல்கள் அனைத்தையும், நாள், நேரம், பொதியின் பெயர், பழைய எண், புதிய எண் ஆகியவற்றோடு ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதிவைக்கிறது. சினாப்டிக் கருவியிலும் 'வரலாறு' என்னும் பகுதி உண்டு. நேற்றுவரை இயங்கிய அச்சுப்பொறி இன்று இயங்கவில்லையெனில், நேற்று மாறிய பொதிகளைப் பார்ப்பதே முதல் வேலை. பலர் பயன்படுத்தும் பள்ளிக் கூடங்களில், பழுதுக்கு யாரையேனும் குற்றஞ்சாட்டுவதற்கு முன்னர் இப்பதிவேட்டைப் பார்ப்பது நீதியும் ஆகும். தானியங்கி மேம்பாட்டின் விளைவு மாணவர்மேல் ஏற்றப்படாமல் தவிர்க்கப்படும்.

நீக்குதலிலும் இருவகை உண்டு. சாதாரண நீக்கத்தில் அமைப்புக் கோப்புகள் எஞ்சியிருக்கும். முழுநீக்கத்தில் அவையும் போய்விடும். தவறான அமைப்பால் பழுதுற்ற மென்பொருளைச் சாதாரணமாக நீக்கி மீண்டும் நிறுவினால், பழைய அமைப்பே திரும்ப வந்து பழுது தொடரும். சாளரம் இவ்வேறுபாட்டைப் பெயரளவிலேனும் காட்டவேண்டும்.

பள்ளிகளிலும் களத்திலும் கைக்கொள்ளத்தக்கவை

ஆசிரியர்கள் மாணவர்க்கு நிறுவுதலைக் கற்பிக்கும்போது, பொத்தானின் இடத்தைமட்டும் காட்டுதல் போதாது. இசைவு தருமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணும் பழக்கத்தை ஏற்படுத்துதல் வேண்டும்: நீங்குவது ஏதேனும் உண்டா? இது வருவது எங்கிருந்து? வேண்டிய இடமும் இணைப்பும் உள்ளனவா? சிறியதொரு மென்பொருளைத் தெரிந்தெடுத்து, அதனோடு வரும் பொதிகளின் பட்டியலைப் படிக்கச்செய்து, எது எதனைச் சார்ந்தது என்று கரும்பலகையில் கிளைப்படமாக வரையச்செய்தல் ஒரு பாடவேளைக்குத் தகுந்த பயிற்சியாகும். நிறுவாமலே இப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கைவிடலாம் ஆதலால், கணிப்பொறிக்கு இதனால் கேடில்லை.

களப்பணியாளர்கள் பல கணிப்பொறிகளில் மேம்பாட்டைச் செய்யுமுன், முதலில் ஒன்றில்மட்டும் செய்து, மாற்றத் தொகுப்பையும் வரலாற்றுக் கோப்பையும் குறித்துக்கொண்டு, குறையொன்றும் இல்லையென்று கண்டபின் ஏனையவற்றில் செய்தல் நலம். பழுதை அறிவிக்கும்போது 'வேலை செய்யவில்லை' என்று எழுதாமல், பொதியின் பெயர், முழுப் பதிப்பு எண், மூலப் பிழைச்செய்தி ஆகிய மூன்றையும் எழுதினால், உதவி விரைவில் கிட்டும்.

கருவிகளைப் படைப்போர் விவரங்களை ஒழுங்குறக் காட்டுதலும், பயன்படுத்துவோர் அவற்றைப் படித்தறிதலும் ஒன்றையொன்று சார்ந்தவை. படிப்பார் இல்லையென்று எண்ணிப் படைப்போர் விவரத்தை மறைப்பர். மறைந்திருப்பதால் படிக்கும் பழக்கம் குன்றும். இச்சுழற்சியை உடைத்தற்குரிய எளிய இடம் பள்ளிக்கூடமே. இசைவுப் பொத்தானை அழுத்துமுன் மேலேயுள்ள பட்டியலை ஒருமுறை படிக்கும் மாணவன், தன் கணிப்பொறியில் நடப்பதைத் தானே அறிந்து நடத்துபவனாகிறான்.